பக்கத்துக்கு ஆறு சொல்: ஆங்கிலம் பயிலும் பெரியவர்களின் வாசிப்புக் குழுவுக்கு நூல் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆங்கிலம் பயிலும் பெரியவர்களுக்கு வாசிப்புக் குழு தொடங்குகிறவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் கதை ஓ. ஹென்றி 1905இல் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் த மேஜாய்’. அதற்குக் காரணம் உண்டு. கதை 2,000 சொல்லைச் சற்றே தாண்டும். ஒரு மாலையில் முடிந்துவிடும். பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க மனைவி கூந்தலை விற்கிறாள், அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கக் கணவன் கடிகாரத்தை விற்கிறான். எந்த ஊர்க்காரர் மனத்தையும் தொடும் கதைதான். ஆனால் இடைநிலைக் குழு ஒன்றில் இதை அப்படியே கொடுத்தால் நான்காவது வாக்கியத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது, அதற்குப் பதில் எதைக் கொடுக்கலாம், கொடுப்பதற்கு முன் எதை அளந்து பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வு.

குழு

கனடாவின் பெருநகர நூலகக் கிளைகளில் கூடும் வகையான குழு இது. ஒரு குறிப்பிட்ட கிளையின் பதிவு அல்ல. இத்தகைய குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே குழுவாகச் சேர்த்துப் பார்க்கிறோம். உறுப்பினர் 12 பேர், வழிநடத்துநர் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாலையில் 90 நிமிடம். தமிழ், தகலோக், பாரசீகம், ஸ்பானிஷ், அம்ஹாரிக் என ஐந்து தாய்மொழிகள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர்கள், கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார், இலங்கையில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர்.

கனடாவில் ஆங்கிலத் திறனை ‘சிஎல்பி’ எனப்படும் கனேடிய மொழித்தர அளவுகோலின் 12 நிலைகளில் சொல்வார்கள். குடியுரிமைக்கு 18 முதல் 54 வயதுள்ளவர்கள் பேச்சிலும் கேட்டலிலும் 4ஆம் நிலை காட்டினால் போதும். வாசிப்பு அதில் இல்லை. ஆகவே ‘நான் சிஎல்பி 5’ என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் பேச்சின் எண்ணாகவே இருக்கும். அந்தக் கணக்காளர் ஆங்கிலப் பாடநூல்களிலேயே படித்து வந்தவர். வாசிப்பில் 7 இருப்பார், பேசும்போது 4க்குத் தடுமாறுவார். டாக்ஸி ஓட்டுகிறவர் நேர்மாறு: நாள் முழுக்கப் பேசுகிறார், ஒரு பக்கம் வாசிக்க ஆறு நிமிடம் எடுக்கிறார். பேச்சு எண்ணை வைத்து நூல் வாங்கினால் முதல் கூட்டத்திலேயே கணக்குத் தப்பிவிடும். நூல் தேர்வுக்கு வாசிப்பு எண் தனியாக வேண்டும். அது இல்லையென்றால் கீழே சொல்லும் பென்சில் சோதனையே போதும். உண்மையில் எண்ணைவிடச் சோதனையையே கூடுதலாக நம்பலாம்.

முதல் தேர்வு: நான்காவது வாக்கியம்

ஓ. ஹென்றியின் கதை ‘ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட்’ என்று மிக எளிதாகத் தொடங்குகிறது. அடுத்த இரண்டு வாக்கியங்களும் எளிது. நான்காவது வாக்கியத்தில் 34 சொற்கள். மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் கசாப்புக்காரரிடமும் கன்னம் சிவக்கப் பேரம் பேசி ஒவ்வொரு பென்னியாக மிச்சம் பிடித்த செய்தி அது. பேரம் பேசுவது இந்தக் குழுவில் எல்லோருக்கும் கைவந்த கலை. ஆனால் வாக்கியத்தில் புல்டோஸிங், இம்ப்யூட்டேஷன், பார்சிமனி, இம்ப்ளைடு என்ற நான்கு சொற்களின் பொருள் அவர்களுக்குத் தெரியாது. 34இல் 4 போனால் 30. அதாவது 88 விழுக்காடு.

இதைவிடப் பெரிய கோளாறு, தெரிந்ததுபோல் தோன்றும் சொற்களில் இருக்கிறது. ‘க்ளோஸ்’ என்றால் மூடு, அல்லது பக்கத்தில். இங்கே அது கருமித்தனம். ‘ஒன்’ என்ற சொல் முதல் நான்கு வாக்கியங்களுக்குள் மூன்று வேலை பார்க்கிறது: ஒரு டாலர், ஒன்றோ இரண்டோ பென்னி, கடைசியில் ‘ஒருவருடைய கன்னம்’. மூன்றாவது ‘ஒன்’ யார் என்று தேடிப் பலர் நின்றுவிடுவார்கள். புல்டோசர் எல்லோருக்கும் தெரிந்த இயந்திரம் என்பதால், தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குக் கோடு விழாது. அந்த இயந்திரம் வருவதற்கு முன்பே அச்சொல்லுக்கு மிரட்டிப் பணியவைத்தல் என்ற பொருள் இருந்தது, ஓ. ஹென்றி அதைத்தான் எழுதினார். இப்படி வாசித்த ஒருவர் “அந்தப் பிள்ளை கடைக்காரரோட கடையை உடைச்சதோ?” என்று கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. தெரிந்த சொல்லை வைத்துச் சரியாக யோசித்ததன் விளைவு. தெரியாத சொல் என்றால் வாசகர் நின்று கேட்பார். தெரிந்த சொல் தெரியாத பொருளில் வந்தால் கேட்காமல் தவறான பாதையில் போய்விடுவார். அதனால்தான் இது கூடுதல் ஆபத்து.

கதை முழுவதும் இப்படி அல்ல. மனைவி டெல்லா, முடியை விலைக்கு வாங்கும் கடைக்குள் நுழைந்து என் கூந்தலை வாங்குவீர்களா என்று கேட்கும் இடத்திலிருந்து உரையாடல் குறுகலாக, தெளிவாக இருக்கிறது. கூந்தலுக்கு 20 டாலர் கிடைக்கிறது. சங்கிலி 21 டாலர். கையில் மிஞ்சுவது 87 சென்ட். இந்தக் கணக்கைப் பெரியவர்கள் தாங்களே போட்டுப் பார்த்து மகிழ்வார்கள். எனவே இதே கதையை வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. முற்பகுதியை வழிநடத்துநர் ஐந்து நிமிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும். கடைக் காட்சியிலிருந்து வாசிப்பைத் தொடங்கி, விவிலியத்தில் வரும் ஞானியரைப் பற்றிய இறுதிப் பத்திக்கு முன் நிறுத்திவிட வேண்டும். அந்தப் பத்தி கிறிஸ்தவப் பின்னணி தெரியாதவர்களுக்குக் கதைக்கு வெளியே நிற்கும் புதிர். விரும்புகிறவர்கள் வீட்டில் வாசிக்கட்டும்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது 2000இல் ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வின் முடிவு. அதாவது 50 சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிது. 300 சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. 95 விழுக்காடு என்றால் 20க்கு ஒன்று, பக்கத்துக்கு 15. இரண்டு எண்ணும் காகிதத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் பேருந்தில் நின்றுகொண்டு வாசிக்கிறவருக்கு ஆறு தடுக்கலும் பதினைந்து தடுக்கலும் வேறு வேறு உலகம்.

எளிமைப்படுத்தாத நாவல் ஒன்றில் இந்த 98ஐ எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று அதே பால் நேஷன் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். 3,000 சொற்குடும்பங்களோடு வரும் ஒருவரிடம் புகழ்பெற்ற நாவலைக் கொடுத்து ‘மெதுவாக வாசியுங்கள், வந்துவிடும்’ என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்பது இதிலேயே தெரிகிறது. அவர் மூன்றாம் வாரம் வரமாட்டார். ‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு நின்றுவிடுவார். குறை அவரிடம் இல்லை, நூலைத் தேர்ந்தெடுத்தவர் அளக்காததில் இருக்கிறது.

சொல்லைக் கட்டுப்படுத்தி எழுதும் வாசிப்பு நூல்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வேர் உண்டு. 1920களில் டாக்காவில் ஆசிரியர் கல்வித் துறையில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் ஆங்கில வாசகங்களில் புதுச் சொற்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருப்பதைக் கண்டார். அவற்றை அகலப் பரப்பி, பழைய கதைகளைச் சிறிய சொற்பட்டியலுக்குள் திருப்பி எழுதினார். அவர் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். இன்று கடையில் கிடைக்கும் படிநிலை வாசிப்பு நூல்களெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தப் படிநிலைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது: பதிப்பகத்துக்குப் பதிப்பகம் எண் மாறும். ஆக்ஸ்ஃபர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் 3ஆம் படி 1,000 தலைச்சொற்கள் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொற்கள்), 4ஆம் படி 1,400. கேம்பிரிட்ஜ் வரிசையில் 3ஆம் படியே 1,300, 4ஆம் படி 1,900. ‘எல்லோருக்கும் லெவல் 4’ என்று இரண்டு பதிப்பகத்திலிருந்தும் கலந்து வாங்கினால், ஒரு மாதம் சுகமாக வாசித்தவர்கள் அடுத்த மாதம் திணறுவார்கள். அட்டையிலுள்ள படி எண்ணை விட்டுவிட்டு, பின்னட்டையில் அல்லது முதல் பக்கங்களில் அச்சிட்டிருக்கும் தலைச்சொல் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும்.

பென்சில் சோதனை

நூலின் மூன்று இடங்களை எடுக்க வேண்டும்: ஐந்தில் ஒரு பங்கு தாண்டிய இடம், நடு, ஐந்தில் நான்கு பங்கு. முதல் பக்கத்தை நம்பக் கூடாது. ஓ. ஹென்றியில் முதல் பக்கமே மிகக் கடினம். வேறு பல நாவல்களில் முதல் பக்கம் மினுக்கி எழுதப்பட்டு உள்ளே நடை மாறிவிடும். ஒவ்வொரு இடத்திலும் சரியாக 100 சொல்லை எண்ணிக் கோடு போடுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் தெரியாத சொல்லாகக் கணக்கில் வராது.

குழுவில் மெதுவாக வாசிக்கும் மூன்றில் ஒரு பங்கினரில், அதாவது 12இல் 4 பேரில், மூவரிடம் கொடுக்க வேண்டும். தெரியாத சொல்லுக்கு நேர்க்கோடு. சொல் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்றால் அலைக்கோடு. பல கையேடுகள் அலைக்கோட்டைக் கேட்பதே இல்லை. ஆனால் ‘புட் அப் வித்’, ‘டர்ன் அவுட்’, ‘ஃபால் த்ரூ’ போன்ற கூட்டுவினைகள் அதில்தான் பிடிபடும். ஒவ்வொரு சொல்லும் ஒன்றாம் வகுப்புச் சொல், சேர்ந்தால் பொருளே வேறு. கணினி தரும் வாசிப்பு எளிமை மதிப்பெண்கள் வாக்கிய நீளத்தையும் அசைகளையும் எண்ணுவதால் இவற்றை மிக எளிது என்று காட்டிவிடும். அந்த மதிப்பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முடிவுக்கு வைக்கக் கூடாது.

கோடு போட்டு முடிந்ததும் நூலை மூடச் சொல்லி, ‘இங்கே என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். பதில் தாய்மொழியில் வரலாம். இங்கே சோதிப்பது வாசிப்பை. ஆங்கிலத்தில் பதில் கேட்டால் பேச்சுத் தடுமாற்றம் வாசிப்புத் தடுமாற்றமாகத் தெரியும். வழிநடத்துநருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் அதே மொழி பேசும் இன்னொரு உறுப்பினர் சுருக்கிச் சொல்லலாம்.

100 சொல்லில் இரண்டு கோடு வரை என்றால் வீட்டில் தனியே வாசிக்கலாம். மூன்று முதல் ஐந்து வரை என்றால் கூட்டத்தில் துணையோடு வாசிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் நூல் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அலமாரிக்கே திரும்ப வேண்டும். மூன்று இடங்களில் ஒன்று மட்டும் தாண்டினால், அந்தப் பகுதியைச் சொல்லிக் கடக்க முடியுமா என்று பார்க்கலாம். இரண்டு கோடுகளுக்குச் சமமாக ஓர் அலைக்கோட்டை எண்ணுவது நல்லது.

நேரக் கணக்கு

சொல் அளவு பொருந்தியும் குழுக்கள் கலைவது நீளத்தால். நூலின் சொல் எண்ணிக்கையை அறியப் பத்து வரிகளை எண்ணி வரிக்குச் சராசரி எடுத்து, பக்கத்தின் வரிகளாலும் பக்க எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். வரிக்கு 9 சொல், பக்கத்துக்கு 30 வரி, 100 பக்கம் என்றால் 27,000. வெற்றிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 24,000 சொச்சம்.

இப்போது பராமரிப்பு வேலைக்குப் போகும் உறுப்பினரின் வாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 சொல் வேகம். பேருந்தில் ஒரு நாளைக்கு 25 நிமிடம், வாரத்தில் நான்கு நாள்: 100 நிமிடம், 9,000 சொல். இரண்டு வாரத்துக்கு 18,000. ஆனால் பேருந்தில் இடம் கிடைக்காத நாள் உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரட்டை ஷிஃப்ட் விழும். ஆகவே பாதியைத்தான் நம்பலாம். கூட்டத்துக்குக் கூட்டம் 9,000 சொல், அதற்குமேல் கொடுக்கக் கூடாது. 24,000 சொல் நூல் மூன்று கூட்டம், ஒன்றரை மாதம். நான்கு கூட்டங்களைத் தாண்டும் நூலை இந்த வகைக் குழு தாங்குவதில்லை. ஒரு கூட்டம் தவறியவர் 9,000 சொல் பின்தங்குகிறார், அடுத்ததும் தவறினால் வெட்கப்பட்டு வரவே மாட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் 150 சொல்லில் எளிய சுருக்கம் ஒன்றை அச்சிட்டு வைத்தால், வாசிக்காமல் வருகிறவரும் வாசலில் நின்று அதைப் படித்துவிட்டு உள்ளே வருவார். இந்த ஒரு தாள் தடுத்து நிறுத்திய விலகல்கள் பல.

இரண்டாம் தேர்வு: கடல்

ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் த சீ’ (1952) ஏறத்தாழ 27,000 சொல். ஒரு முதியவர், ஒரு படகு, ஒரு மீன். 84 நாளாக மீன் கிடைக்காதவர் தனியே கடலுக்குப் போகிறார். பெயர்கள் குறைவு, வாக்கியங்கள் எளிய கட்டமைப்பு. நேரக் கணக்கில் மூன்று கூட்டங்களுக்குப் பொருந்தும்.

பென்சில் சோதனையில் நடுப் பக்கங்கள் ஐந்தைத் தொட்டுவிடும்: ஸ்கிஃப், காஃப், ஹார்பூன், டில்லர் எனப் படகுச் சொற்கள். முதல் பார்வைக்கு நூலைத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளும் முன் மூன்று சோதனைத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதே சொற்கள் திரும்பத் திரும்ப அடிக்கோடு வாங்கியிருக்கின்றனவா? அப்படியானால் அவை முன்கூட்டியே கற்றுத்தரத் தக்க சொற்கள். ஒருமுறை படத்தோடு காட்டிவிட்டால் நூல் முழுக்க உழைக்கும். ஓ. ஹென்றியின் கடினச் சொற்கள் பெரும்பாலும் ஒருமுறை வந்து மறைந்துவிடுகிறவை. அவற்றைக் கற்ற உழைப்புக்கு அடுத்த பக்கத்தில் பலன் இல்லை. ஒரே மதிப்பெண் பெற்ற இரண்டு நூல்களில் எது வாசிக்கத் தகுந்தது என்பதை இந்த வேறுபாடுதான் சொல்லும். முன்கூட்டிக் கற்பிப்பது எட்டுச் சொல்லோடு நிற்கட்டும். இருபது சொல் கொடுத்தால் அது வாசிப்புக் குழுவாக இருக்காது, சொற்பாடமாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ கரையோரத்தில் வளர்ந்த ஒருவர் குழுவில் இருந்தால், தூண்டில் கயிறு கையை அறுக்கும் இடத்தில் அவர்தான் ஆசிரியர். அவருக்கு ‘காஃப்’ என்ற சொல் தெரியாது. ஆனால் கொக்கி போட்டு மீனைப் படகுக்குள் இழுப்பது என்றால் என்ன என்று எழுந்து நின்று கையால் செய்து காட்டுவார். அந்தப் பத்து நிமிடத்தில் குழுவின் தராதரமே தலைகீழாகும். நூலைத் தேர்வதற்கு முன் யார் என்ன தொழில் செய்தவர் என்று கேட்டு வைத்திருப்பதன் பயன் இதுதான்.

தடைகளும் உண்டு. நூலில் அத்தியாயப் பிரிவே இல்லை. எங்கே நிறுத்துவது என்று வழிநடத்துநர்தான் முடிவு செய்ய வேண்டும். மீன் தூண்டிலைப் பிடித்த இடத்தில் முதல் பகுதியை நிறுத்தலாம், மீன் பிடிபட்ட இடத்தில் இரண்டாவதை. சுறாக்கள் முழுவதும் மூன்றாவதற்கு. இடையிடையே வரும் ஸ்பானிஷ் சொற்களை ஸ்பானிஷ் பேசும் உறுப்பினர் சொல்லித் தருவார். பேஸ்பால் வீரர் டிமாஜியோ பற்றிய நினைவுகளை மட்டும் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகர வேண்டும். விளையாட்டின் விதிகளுக்குள் போனால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கனடாவில் இந்த நூலுக்கு இன்னொரு நன்மை. ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்றிருந்த பதிப்புரிமைக் காலத்தைக் கனடா 2022 இறுதியில் 70 ஆண்டாக்கியது. ஆனால் அதற்குள் காலம் முடிந்திருந்த நூல்கள் திரும்பப் பூட்டப்படவில்லை. 1971 அல்லது அதற்கு முன் இறந்த எழுத்தாளர்களின், அவர்கள் வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் அங்கே பொதுச் சொத்து. ஹெமிங்வே இறந்தது 1961. ஆகவே கனடாவில் இதைப் பெரிய எழுத்தில், அகல ஓரம் விட்டு அச்சிட்டுக் கொடுப்பது சட்டப்படி சரி. எல்லை தாண்டினால், அமெரிக்காவில், சரியல்ல. அத்தகைய நூல்களை ‘ஃபேடட் பேஜ்’ என்ற கனேடியத் தளம் இலவசமாகத் தருகிறது.

மூன்றாம் தேர்வும் மறுப்பு வாக்கும்

பெரியவர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புதுக் கதைகளும் உண்டு. 2010இல் கனடாவில் தொடங்கிய ‘குட் ரீட்ஸ்’ வரிசை இதற்கானது. பெயர் பெற்ற கனேடிய எழுத்தாளர்கள் எழுதினார்கள். லூயிஸ் பென்னியின் ‘தி ஹேங்மேன்’ அதில் ஒன்று. கியூபெக் கிராமம் ஒன்றில் நடக்கும் துப்பறியும் கதை. சிறிய அத்தியாயங்கள், பெரியவர்களுக்கான விஷயம், சோதனையில் இரண்டு கோட்டுக்குள் நிற்கும் பக்கங்கள். காட்டில் ஓடப்போன ஒருவர், மரத்தில் தூக்கில் தொங்கும் உடலைக் காண்பதோடு கதை தொடங்குகிறது.

அந்த ஒரு காட்சி சிலருக்குத் தாங்காது. போரிலிருந்து வந்தவர்கள், வீட்டில் தற்கொலையைப் பார்த்தவர்கள் குழுவில் இருக்கலாம், சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே அடுத்த நூலுக்கான வாக்கெடுப்புக்கு முன், தேர்வுக்கு வைக்கும் நான்கு நூல்களின் கதையையும் அதிலுள்ள கடுமையான காட்சிகளையும் மூன்று வரியில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நூலின் இரண்டு பக்கங்களை வழிநடத்துநர் உரக்க வாசிக்க, உறுப்பினர் கண்ணால் தொடர வேண்டும். நூலுக்குப் பத்து நிமிடம், மொத்தம் நாற்பது. பிறகு சீட்டில் இரண்டு விருப்ப வாக்கு, ஒரு மறுப்பு வாக்கு. கை தூக்கச் சொன்னால் நன்றாகப் பேசுகிறவர் கையைப் பார்த்துத்தான் மற்றவர் கை உயரும். மறுப்புக்குக் காரணம் கேட்கக் கூடாது. ஒரே ஒரு மறுப்பு விழுந்தாலும் அந்த நூலை விலக்கிவிடுவதே சரி. 12 பேருக்குச் சலிப்பைத் தருவதைவிட ஒருவருக்கு வலியைத் தருவது பெரிய தீங்கு, உலகில் வேறு நூல்களுக்கும் குறைவில்லை.

எளிய ஆங்கிலம் என்று குழந்தை நூல்களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு விதத்தில் தவறு. பிணத்தைக் குளிப்பாட்டி, கடனைக் கட்டி, எல்லை தாண்டி வந்தவர் கையில் முயல்குட்டிப் படம் போட்ட நூலைக் கொடுப்பது அவமதிப்பு. மேலும் குழந்தை நூல்களின் மொழி எளிதும் அல்ல. தத்தித் தத்தி நடப்பது, சிணுங்குவது, அணைத்துப் படுப்பது என்று தாய்மொழிக் குழந்தை மடியில் கேட்டுக் கற்ற சொற்கள் அவற்றில் நிறைந்திருக்கும். வேலையிடத்திலும் செய்தித்தாளிலும் அவை அபூர்வம்.

தமிழருக்கு இடறும் இடங்கள்

தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினையே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ராபின், லெஸ்லி, ஜோ என்ற பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாது; ‘ஹி’, ‘ஷி’ வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பெண்கள் பேசும் காட்சியில் ‘ஷி’ யாரைக் குறிக்கிறது என்பதும் குழப்பம். முதல் 20 பக்கத்துக்குள் ஆறு பெயருக்குமேல் வரும் நூலைத் தவிர்க்கலாம், இல்லையென்றால் பெயர், உறவு, வேலை எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

‘என்றான்’, ‘என்றாள்’ என்ற முடிச்சு தமிழ் உரையாடலை ஆளோடு கட்டிவைக்கிறது. ஆங்கில நாவலில் அரைப் பக்கத்துக்கு ‘செட்’ என்ற சொல்லே இல்லாமல் வெறும் மேற்கோள் குறிகளாகப் பேச்சு ஓடும். நான்காவது வரியில் யார் பேசுகிறார் என்பது தவறிவிடும். அத்தகைய பக்கத்தில் இருவர் பெயரின் முதலெழுத்தை ஓரத்தில் பென்சிலால் மாற்றி மாற்றி எழுதச் செய்தால் போதும். முன்கதைக்குத் தாவும் ‘ஹேட்’ வினையும் இதேபோல் சத்தமில்லாமல் காலத்தை மாற்றிவிடும். நேர்வரிசையில் ஓடும் கதைக்கு முதல் ஆண்டில் முன்னுரிமை கொடுப்பது இதனால்தான்.

பிரதிகள், கூட்டம், கைவிடுதல்

12 உறுப்பினருக்கு நூலின் 14 பிரதிகள் வேண்டும்: வழிநடத்துநருக்கு ஒன்று, தொலைந்தால் மாற்ற ஒன்று. எல்லாம் ஒரே ஐஎஸ்பிஎன். பதிப்பு மாறினால் பக்க எண் மாறும். ‘47ஆம் பக்கம்’ என்றதும் நான்கு பேர் நான்கு இடத்தில் இருப்பார்கள், கண்டுபிடித்துச் சேர்வதற்குள் ஐந்து நிமிடம் போகும். ஒலிநூல் கிடைத்தால் நல்லது, ஆனால் முழு நூலையும் சுருக்காமல் வாசித்ததாக இருக்க வேண்டும். பதிப்புரிமை முடிந்த நூல்களுக்கு 2005இல் மான்ட்ரியலில் தொடங்கிய ‘லிப்ரிவாக்ஸ்’ இலவசம். வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் தெளிவாக வாசிக்கும் பதிவைக் கேட்டுத் தேர்ந்து சொல்ல வேண்டும்.

கூட்டத்தின் 90 நிமிடத்தில் முதல் 10 முன்கதைக்கு, 15 வழிநடத்துநர் உரக்க வாசிக்க, 40 நால்வர் நால்வராகப் பேச, 15 சொற்களுக்கு, 10 அடுத்த பகுதியை அறிமுகப்படுத்த. உறுப்பினர்களை ஒருவர்பின் ஒருவராக உரக்க வாசிக்க வைக்கவே கூடாது. தன் முறை எந்தப் பத்தி என்று எண்ணிக்கொண்டிருப்பவர் கதையைக் கேட்பதில்லை. நால்வர் பேச்சுக்கு, ஹார்வி டேனியல்ஸின் ‘இலக்கிய வட்டங்கள்’ என்ற சிறுகுழு வாசிப்பு முறையிலிருந்து ஆங்கிலம் பயில்வோருக்காக மார்க் ஃபர் மாற்றியமைத்த பொறுப்புகள் நன்றாகப் பயன்படும்: ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் சுருக்கிச் சொல்பவர், ஒருவர் தன் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பவர், ஒருவர் சொல் பொறுக்குபவர். பின்தங்கி வாசிப்பவருக்குச் சுருக்கிச் சொல்லும் பொறுப்பைக் கொடுக்காமல் பொருத்திப் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். அதற்கு வாழ்ந்த வாழ்வு போதும்.

முன்னேறி வாசிப்பவர்கள் சலித்துப்போவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்காக நூலைக் கடினமாக்கத் தேவையில்லை. அந்தக் கணக்காளருக்கு அதே கதையின் மூலப் பகுதியை, அல்லது அதே எழுத்தாளரின் இன்னொரு சிறுகதையைக் கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் அவரே இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்வார். ஒரே நாவலின் இரண்டு படிநிலைப் பதிப்புகளைக் கலந்து கொடுப்பது மட்டும் சரிவராது. சுருக்கும்போது சில கிளைக் காட்சிகள் போய்விடும். ஒருவர் அழுத காட்சியை இன்னொருவர் படித்தே இருக்க மாட்டார்.

இரண்டாவது கூட்டத்தில் பாதிப்பேர் பகுதியை முடித்திருக்கவில்லை என்றால் நூலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மிச்சக் கதையை வழிநடத்துநர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, கைவசம் வைத்திருக்கும் 3,000 சொல் சிறுகதையை எடுக்கலாம். அந்தச் சிறுகதையும் முன்பே பென்சில் சோதனை முடித்து, 14 பிரதிகளாகப் பையில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நூல் முடிந்ததும் ஓர் அட்டையில் ஐந்து விவரம் எழுதி நூலோடு செருகி வைப்பது வழக்கமாகட்டும்: மொத்தச் சொற்கள், மூன்று இடங்களின் கோட்டு எண்ணிக்கை, எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடித்தார்கள், எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எந்தக் காட்சியில் பேச்சு சூடேறியது. அடுத்த ஆண்டு வேறொரு வழிநடத்துநர் அதே அலமாரியிலிருந்து அதே நூலை எடுக்கும்போது, பின்னட்டை விளம்பரத்துக்கு முன் அந்த அட்டை அவர் கையில் விழ வேண்டும்.